கரி போன வழி: மெக்டவல் கவுண்டியின் கணக்கு

1900ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் மெக்டவல் கவுண்டியில் 18,747 பேர் இருந்தார்கள். 1950இல் 98,887 பேர். 2020இல் 19,111 பேர். இந்த மூன்று எண்களும் அமெரிக்கப் பத்திரிகையாளர்களுக்கு மிகவும் பிடித்தமானவை. தேர்தல் நெருங்கினால் போதும், பெருநகரத்திலிருந்து யாராவது ஒருவர் கேமராவோடு வெல்ச் நகரத்துக்கு வந்து, பூட்டிக்கிடக்கும் கடைத்தெருவைப் படமெடுத்து, ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவரிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் போவார். எழுதப்போகும் முடிவு பெரும்பாலும் வரும்போதே கையோடு வந்ததுதான். கரிக்கு மவுசு போயிற்று, ஊரும் போயிற்று என்பது ஒரு கட்சி. வாஷிங்டனின் சுற்றுச்சூழல் சட்டங்கள்தாம் கொன்றன என்பது இன்னொரு கட்சி. உதவித்தொகைக்குப் பழகிவிட்ட ஜனங்கள் என்று குரலைத் தாழ்த்திச் சொல்பவர்களும் உண்டு. மலை அப்படி, யார் என்ன செய்ய முடியும் என்று கைவிரிப்பவர்கள் மீதிப்பேர்.

இந்த நான்கு குற்றச்சாட்டுகளும் விசாரிக்கத் தக்கவைதாம். ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் கூண்டில் ஏற்ற வேண்டிய ஐந்தாவது ஆள் ஒருவர் பார்வையாளர் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்பது என் எண்ணம்.

அதற்குமுன் 2020இன் எண்ணைப் பற்றி ஒரு சொல். அமெரிக்கக் கணக்கெடுப்பு, சிறைக்கைதிகளைச் சிறை இருக்கும் ஊரின் மக்களாகவே எண்ணுகிறது. மெக்டவல்லில் 2010இல் திறக்கப்பட்ட ஒரு மத்தியச் சிறை இருக்கிறது. வெல்ச் நகரில் மருத்துவமனையாக இருந்த கட்டடம் ஒன்றும் இப்போது சிறைதான். கைதிகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கவுண்டி 1900க்கும் கீழே போய்விட்டது.

முதலில் மலை. மெக்டவல், மேற்கு வர்ஜீனியாவின் தென்கோடி, தெற்கே வர்ஜீனியா. பரப்பு 535 சதுர மைல், அதாவது ஏறக்குறைய 1,385 சதுர கிலோமீட்டர். அப்பலாச்சிய மலைத்தொடரின் இந்தப் பகுதியில் பெரிய சிகரங்கள் இல்லை, பெரிய சமவெளியும் இல்லை. நீரோட்டங்கள் அறுத்துவைத்த ஆயிரம் இடுக்குகள்தாம் உண்டு. டக் ஃபோர்க், டிரை ஃபோர்க், எல்க்ஹார்ன் ஓடை என்று ஒவ்வொரு நீரோட்டத்தின் கரையிலும் ஒற்றைத் தெருவாக ஊர்கள்: கீஸ்டோன், நார்த்ஃபோர்க், கிம்பல், கேரி, வார். ஓடை, ரயில்பாதை, சாலை, ஒரு வரிசை வீடு, அதற்குமேல் செங்குத்தான சரிவு. தலைநகரான வெல்ச்சில் கார் நிறுத்தக்கூடச் சமதரை இல்லாமல் 1941லேயே நகராட்சி ஒரு மாடிக் கட்டடத்தைக் கட்டி அதில் வண்டிகளை அடுக்கியது. நகராட்சிக்குச் சொந்தமான வாகன நிறுத்த மாடிகளில் நாட்டிலேயே அதுதான் முதலாவது என்று ஊர்க்காரர்கள் இன்றும் பெருமைப்படுகிறார்கள்.

இப்படிப்பட்ட நிலத்தில் விவசாயம் பெரிதாக நடக்காது, தொழிற்பேட்டைக்கு இடமில்லை. சரிவில் பெய்த மழை முழுவதும் சில மணி நேரத்தில் தெருவுக்கு வந்துவிடும். 2001 ஜூலையிலும், பத்தே மாதம் கழித்து 2002 மே மாதத்திலும், மீண்டும் 2025 பிப்ரவரியிலும் வெள்ளம் புகுந்து வீடுகளை அள்ளிப்போனது. ஆகவே மலையை முற்றாக விடுதலை செய்ய முடியாது. ஆனால் இதே மலைதான் 1950இல் ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்கு இடம் கொடுத்தது. மலை மாறவில்லை, கணக்குத்தான் மாறியது. அதோடு, சமதரை குறைவு என்பது இயற்கை. இருக்கிற கொஞ்சச் சமதரையும் யார் கையில் இருந்தது என்பது இயற்கை அல்ல.

அந்தக் கதை பழையது. 1790களிலேயே இந்தப் பக்கத்து மலைகளில் பல லட்சம் ஏக்கர், அமெரிக்கப் புரட்சிக்குப் பணம் திரட்டிக் கொடுத்த பிலடெல்பியா நிதியாளர் ராபர்ட் மோரிஸ் பெயரில் எழுதப்பட்டிருந்தது. காட்டில் குடிசை போட்டு மக்காச்சோளம் விதைத்தவர்களுக்கு இது தெரியவும் தெரியாது. 1858இல் வர்ஜீனியாவின் டேஸ்வெல் கவுண்டியிலிருந்து பிரித்து மெக்டவல் உருவாக்கப்பட்டது. 1863இல் உள்நாட்டுப் போரின் நடுவே மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமானபோது அதோடு சேர்ந்தது. 1880இல் இங்கே 3,074 பேர்தாம். அப்போது கரி இருப்பது தெரியும். எடுத்துப்போக வழி இல்லை.

வழி போட வந்தவர்களில் இருவரை நினைவில் வைக்க வேண்டும். உள்நாட்டுப் போரில் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சனுக்கு வரைபடம் எழுதிய ஜெட் ஹாட்ச்கிஸ், அவருக்காக மலையேறி அளந்த ஐசையா வெல்ச். போர் வரைபடம் எழுதிய கை இப்போது முதலீட்டாளர்களுக்காகக் கரிப் படுகையை வரைந்தது. போகஹான்டஸ் 3ஆம் எண் படுகை என்று பெயர் பெற்ற அந்தக் கரியில் புகை குறைவு, கந்தகம் குறைவு, வெப்பம் அதிகம். எதிரிக்குப் புகை காட்டாமல் ஓட வேண்டிய போர்க்கப்பலுக்கும், எஃகு உருக்குவதற்கான கோக் தயாரிக்கவும் இதைவிடச் சிறந்தது அரிது. 1883இல் பக்கத்து வர்ஜீனியாவின் போகஹான்டஸ் ஊரிலிருந்து நார்ஃபோக் துறைமுகத்துக்கு முதல் சரக்கு போயிற்று. நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் ரயில்வே 1880களின் கடைசியில் மலையைக் குடைந்து மெக்டவல்லுக்குள் நுழைந்து, 1892இல் ஒஹாயோ நதியைத் தொட்டது. அதே ஆண்டில் கவுண்டித் தலைநகரும் ரயில் தொடும் வெல்ச்சுக்கு மாறியது.

ரயில் வருவதற்குள் நிலம் கைமாறிவிட்டது. பிலடெல்பியா பணம் ஃப்ளாட் டாப் கரிநிலச் சங்கம் என்ற பெயரில் மெர்சர், மெக்டவல் பக்கங்களில் எல்லாம் வாங்கிக் குவித்தது. 1901இல் ஏறக்குறைய 3 லட்சம் ஏக்கர் கொண்ட அந்தச் சொத்தை ரயில்வே கம்பெனியே வாங்கித் தன் துணை நிறுவனத்தின் பெயரில் வைத்துக்கொண்டது. அதே ஆண்டு பிறந்த யு.எஸ். ஸ்டீல், அதில் சுமார் 50,000 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துத் தன் தலைவர் எல்பர்ட் கேரியின் பெயரில் கேரி என்ற ஊரைக் கட்டியது. ஏற்பாட்டைக் கவனியுங்கள். நிலம் ரயில்வேயுடையது. கரி எடுப்பது எஃகுக் கம்பெனி. கரியைச் சுமப்பதும் அதே ரயில்வே. சுரங்க முதலாளிகளில் பலர் குடியிருந்தது மெக்டவல்லில்கூட அல்ல. எல்லை தாண்டி மெர்சர் கவுண்டியின் பிராம்வெல்லில் மாளிகை கட்டிக்கொண்டார்கள். டன் ஒன்றுக்குக் குத்தகைப் பணம், சரக்குக் கட்டணம், எஃகின் லாபம் என்று மூன்று வாய்க்கால், மூன்றும் ஊருக்கு வெளியே போய் விழுந்தன. உள்ளே தங்கியது கூலி மட்டும். அந்தக் கூலியிலும் ஒரு பங்கு, கம்பெனி அடித்த டோக்கனாகக் கம்பெனிக் கடைக்கே திரும்பியது.

கூலி என்று சுருக்கிச் சொல்லிவிட்டாலும் அதன் மதிப்பைக் குறைத்துவிடக் கூடாது. திறனாய்வு என்று உட்கார்ந்த பிறகு மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அலபாமாவிலும் வடக்கு, தெற்கு கரோலினாக்களிலும் குத்தகை விவசாயத்தில் சிக்கிக்கிடந்த கறுப்பின மக்களுக்கு இந்த இடுக்குகள் ஒரு விடிவு. இங்கே டன் கணக்கில் கூலி. தராசுக்கு நிறம் தெரியாது. அதைவிட முக்கியம், தென்மாநிலங்கள் அவர்களுடைய வாக்குரிமையைப் பறித்துக்கொண்டிருந்த காலத்தில் மேற்கு வர்ஜீனியா பறிக்கவில்லை. 1910 வாக்கில் கவுண்டி மக்களில் பத்துக்கு மூன்று பேர் கறுப்பினத்தவர். கீஸ்டோனிலிருந்து வெளிவந்த 'மெக்டவல் டைம்ஸ்' என்ற கறுப்பினப் பத்திரிகை இந்த இடத்தைச் சுதந்திர நாடு என்றே அழைத்தது. அமெரிக்கச் சட்டமன்றம் ஒன்றில் உறுப்பினரான முதல் கறுப்பினப் பெண் மின்னி பக்கிங்ஹாம் ஹார்ப்பர், 1928இல் இறந்துபோன கணவரின் இடத்துக்கு இங்கிருந்துதான் நியமிக்கப்பட்டார். முதல் உலகப் போரில் பணியாற்றிய கறுப்பினப் படைவீரர்களுக்கான நினைவு மண்டபம் அதே ஆண்டு கிம்பலில் எழுந்தது. இத்தாலியிலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் வந்தவர்கள் வேறு. கம்பெனி ஊர் என்றால் அடிமைக் கொட்டடி என்று மட்டும் எழுதுகிறவர்கள் இதையெல்லாம் விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் தராசு நேர்மையாக நின்றது நிறத்தில் மட்டும்தான். சங்கம் என்று வாய் திறந்தால் பால்ட்வின்-ஃபெல்ட்ஸ் கம்பெனியின் கூலிப்படை வீட்டுச் சாமானைத் தெருவில் எறியும். 1921 ஆகஸ்ட் 1 அன்று, சுரங்கத் தொழிலாளர் பக்கம் நின்ற மேட்வான் நகரக் காவல் தலைவர் சிட் ஹாட்ஃபீல்டும் அவர் நண்பர் எட் சேம்பர்ஸும் வழக்குக்காக வெல்ச்சுக்கு வந்து, மனைவியரோடு நீதிமன்றப் படியேறியபோது பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர்கள் யாரும் தண்டிக்கப்படவில்லை. அந்த மாதக் கடைசியில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் துப்பாக்கியோடு பிளேர் மலைக்கு அணிவகுத்ததற்கு இந்தப் படிக்கட்டும் ஒரு காரணம். 1940 ஜனவரியில் பார்ட்லி சுரங்க வெடிப்பில் 91 பேர் போனார்கள். கூலிக்குக் கொடுத்த விலை இது.

இப்போது இரண்டாவது குற்றச்சாட்டுக்கு வருவோம்: சுற்றுச்சூழல் சட்டங்கள். இந்த வழக்கு தேதியிலேயே அடிபட்டுப்போகிறது. இன்று நாம் அறிந்த வடிவில் தூய காற்றுச் சட்டமும் மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் வந்தது 1970இல். 1950க்கும் 1970க்கும் இடையே மெக்டவல் 98,887இலிருந்து 50,666க்கு இறங்கிவிட்டது. 1950 முதல் 2020 வரை இழந்த மொத்தத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு அந்தச் சட்டங்கள் பிறப்பதற்கு முன்பே போய்விட்டது. சொல்லப்போனால், சட்டங்கள் வந்த 1970களில்தான் கவுண்டியின் இறக்கம் ஏறக்குறைய நின்றது. எண்ணெய் விலை ஏறிக் கரிக்கு மதிப்பு கூடிய பத்தாண்டு அது. 1980இல் 49,899 பேர் இருந்தார்கள். அடுத்த பெரிய சரிவு 1980களில், அமெரிக்க எஃகுத் தொழில் தடுமாறி யு.எஸ். ஸ்டீல் கேரியை விட்டுப் போனபோது. இன்னொன்றும் உண்டு. மின்நிலையங்களைக் குறிவைத்த விதிகள் மின்நிலையக் கரியைத்தான் நேரடியாகத் தாக்கும். போகஹான்டஸ் படுகையின் பெருமையே உருக்காலைக் கரி என்பதில்தான். அதை இன்றும் வெட்டுகிறார்கள், ஏற்றுமதியும் செய்கிறார்கள். பக்கத்துக் கவுண்டிகளுக்கு ஓரளவு பொருந்தும் வாதத்தை மெக்டவல்லின் தலையில் கட்டுவது சோம்பேறித்தனம்.

இதே தேதிகள் முதல் கட்சியையும், அதாவது கரிக்கு மவுசு போனதால் ஊர் போயிற்று என்பதையும், பாதி கவிழ்த்துவிடுகின்றன. மக்கள் அதிகமாக வெளியேறிய 1950களில் கரி நன்றாகவே எடுக்கப்பட்டது. 1960 தேர்தல் பிரச்சாரத்தின்போது ஜான் கென்னடி ஒஹாயோவில் பேசுகையில் மெக்டவல்லைத்தான் எடுத்துக்காட்டினார்: முன் எப்போதையும்விட அதிகக் கரி வெட்டும் கவுண்டி, அதே சமயம் அரசின் உபரி உணவுப் பொட்டலம் வாங்குவோர் நாட்டிலேயே அதிகமாக இருக்கும் கவுண்டி, காரணம், ஆள் செய்த வேலையை இயந்திரம் செய்கிறது. பிரச்சார மேடைப் பேச்சில் இவ்வளவு சரியான நோயறிதல் கிடைப்பது அபூர்வம்.

அந்த இயந்திரத்தை உள்ளே விட்டதில் தொழிற்சங்கத்துக்கும் பங்குண்டு. 1950இல் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸ் முதலாளிகளோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் சாரம் இதுதான்: இயந்திரமயத்தைத் தடுக்க மாட்டோம், வேலையில் இருப்பவர்களுக்கு நல்ல கூலி கொடுங்கள், டன்னுக்கு இவ்வளவு என்று மருத்துவத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் நிதி கட்டுங்கள். குறைந்த ஆட்கள், நிறைந்த கூலி. தங்கியவர்களுக்கு அது நல்ல ஒப்பந்தம். மண்வாரியால் கரி அள்ளி ஏற்றியவர்களின் வேலைதான் முதலில் போயிற்று. அந்த வேலையில் கறுப்பினத்தவர் அதிகம் என்பதால் முதலில் மூட்டை கட்டியவர்களிலும் அவர்களே அதிகம். பத்தே ஆண்டில் கவுண்டி 27,528 பேரை இழந்தது. லூயிஸ் செய்தது தவறா என்று கேட்டால், எனக்குத் தயக்கமில்லை: தவறல்ல. இயந்திரம் எப்படியும் வந்திருக்கும், நிதியாவது கிடைத்தது. ஆக, விழுந்ததற்குக் காரணம் கரி தீர்ந்ததல்ல, ஆள் தேவை தீர்ந்தது. விழுந்த ஊர் ஏன் எழவில்லை என்பது தனிக் கேள்வி.

இந்த இடத்தில்தான் மூன்றாவது கட்சி தொண்டையைச் செருமும். 1961 மே 29 அன்று அமெரிக்காவின் புதிய உணவு முத்திரைத் திட்டத்தின் முதல் முத்திரைகள் மெக்டவல்லில் வழங்கப்பட்டன. வேலை இழந்த ஒரு சுரங்கத் தொழிலாளியின் 15 பேர் கொண்ட குடும்பம் 95 டாலர் மதிப்புள்ள முத்திரைகளை வாங்கி, வெல்ச்சின் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் முதல் பொருளாக ஒரு டப்பா பன்றி இறைச்சிக் குழம்பு மொச்சையை எடுத்தது. அப்போது முத்திரைகள் இலவசமும் அல்ல. குடும்பம் ஒரு தொகை கட்ட வேண்டும். அதைவிடக் கூடுதல் மதிப்புக்கு முத்திரை கிடைக்கும். 1964இல் இது நாட்டுச் சட்டமாயிற்று. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் மெக்டவல் அமெரிக்காவின் மிக ஏழைக் கவுண்டிகளில் ஒன்றாகவே இருக்கிறது. ஆகவே உதவிதான் மக்களைக் கெடுத்தது என்பது வாதம்.

வரிசை தலைகீழாக இருக்கிறது. வெளியேற்றம் முதலில், முத்திரை பிறகு. வெளியேறியவர்கள் டெட்ராய்ட்டிலும் கிளீவ்லாந்திலும் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்து வீடு வாங்கினார்கள். அவர்களும் இதே குடும்பங்களின் பிள்ளைகள்தாம். பண்பாட்டுக் கோளாறு என்றால் அது மாநில எல்லையில் இறங்கிக்கொள்ளுமா? கோல்வுட் என்ற கம்பெனி ஊரில் ராக்கெட் விட்டு விளையாடிய சிறுவன் ஹோமர் ஹிக்கம் பின்னாளில் நாசாவில் பொறியாளரானார். அவர் 1998இல் எழுதிய நினைவுநூல் அடுத்த ஆண்டே 'அக்டோபர் ஸ்கை' என்ற படமானது. உலகமே ரசித்த அந்தக் கதையிலும் வெற்றி என்றால் ஊரை விட்டுப் போவதுதான். இன்று உதவித்தொகை என்று கணக்கில் வருவதில் ஒரு பகுதி, முதுகு உடைந்தவர்களுக்கும் கரித்தூசியால் நுரையீரல் கெட்டவர்களுக்கும் வருவது. 1968இல் இதே மாநிலத்தின் ஃபார்மிங்டன் சுரங்கத்தில் 78 பேர் செத்த பிறகே, 1969இன் சட்டம் அந்த நுரையீரல் நோய்க்கு ஈடு தர ஒப்புக்கொண்டது. அதை இலவசம் என்பது அநியாயம். தாமதமாக வந்த கூலிப் பாக்கி அது.

ஆனால் இந்தக் கட்சியையும் முற்றாகத் தள்ள மாட்டேன். தங்கியவர்களிடையே வலிமாத்திரை புகுந்து செய்த நாசம் உண்மை. 2010ஐ ஒட்டிய ஒரு மதிப்பீட்டில் மெக்டவல் ஆண்களின் சராசரி ஆயுள் 64 ஆண்டு. காரில் ஒரு பகல் பயணத்தில் இருக்கும் வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் 82. வேலைக்குத் தகுதியான ஆள் கிடைப்பதில்லை என்று சிறு முதலாளி சொன்னால் அதில் பொய் இல்லை. உதவியின் குறை வேறிடத்தில் இருக்கிறது. அது வயிற்றுக்கு வந்தது, ஊருக்கு வரவில்லை. மாதப் பணம் கடை வழியாக உடனே வெளியேறிவிடும். 2016 ஜனவரியில் வால்மார்ட் உலகெங்கும் 269 கடைகளை மூடுவதாக அறிவித்தபோது கிம்பலில் இருந்த கடையும் போயிற்று. ஒரே அறிவிப்பில் மளிகை, மருந்து, வேலை, உள்ளூர் வரி வருவாய் நான்கும் அடிபட்டன. ஒரு கம்பெனி போனால் ஊர் காலி என்ற பழைய அமைப்பு, சுரங்கத்துக்குப் பதில் கடையை வைத்து அப்படியே தொடர்ந்திருக்கிறது.

இனி ஐந்தாவது ஆள். 1953 ஜனவரியில் வில்லியம் மார்லண்ட் என்ற 34 வயது இளைஞர் மேற்கு வர்ஜீனியாவின் ஆளுநரானார். மெக்டவல்லுக்கு அடுத்த வயோமிங் கவுண்டியின் கரி ஊரில் வளர்ந்தவர், சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பதவியேற்ற சில நாட்களிலேயே, மண்ணிலிருந்து எடுக்கப்படும் கரிக்கு டன்னுக்கு 10 சென்ட் எடுப்பு வரி போட்டுப் பள்ளிக்கும் சாலைக்கும் கொடுக்கலாம் என்று சட்டமன்றத்தில் கேட்டார். கரி முதலாளிகள் கொதித்தார்கள். அவருடைய ஜனநாயகக் கட்சியே பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றம் அதைக் குப்பையில் போட்டது. மார்லண்ட் அதற்குப் பிறகு அரசியலில் எழவில்லை. 1965இல் சிகாகோவில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்த அவரை ஒரு செய்தியாளர் கண்டுபிடித்தார். அந்த ஆண்டே இறந்துபோனார்.

ஒரு கோடி டன் கரி எடுத்தால் பத்து லட்சம் டாலர், அதுவும் 1953இன் டாலர். அது மாநிலக் கருவூலத்துக்குத்தான் போயிருக்கும், மெக்டவல்லுக்கே வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் கரி இன்னும் மலையளவு இருந்த, இயந்திரம் ஆட்களை வெளியே தள்ளத் தொடங்கிய, மக்கள் இன்னும் முற்றாகக் கிளம்பிவிடாத அந்தச் சில ஆண்டுகள்தாம் ஜன்னல் திறந்திருந்த நேரம். மேற்கு வர்ஜீனியா அதைத் தன் கையால் மூடியது. 5 விழுக்காடு எடுப்பு வரி என்ற வடிவில் அது வந்தது 1987இல், கேரி மூடிய மறு ஆண்டு. அந்த ஐந்திலும் உள்ளாட்சிகளுக்கென்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்டது 0.35 விழுக்காடு. நூறு டாலர் கரி வெளியே போனால் 35 சென்ட்.

நிலவரியும் இதே கதைதான். அப்பலாச்சிய நில உடைமை ஆய்வுக் குழு ஆறு மாநிலங்களின் 80 கவுண்டிகளில் பதிவேடுகளைப் புரட்டி 1981இல் சொன்னது: கனிம உரிமையாளர்களில் முக்கால்வாசிக்கு மேற்பட்டவர்கள் ஏக்கருக்கு 25 சென்ட்டுக்கும் குறைவாகவே சொத்து வரி கட்டினார்கள். 2013இல் மேற்கு வர்ஜீனியாவுக்கென்று செய்த இன்னொரு ஆய்வு, தனியார் நிலத்தில் பாதிக்குக் குறையாமல் பத்தே உடைமையாளர்கள் கையில் இருக்கும் கவுண்டிகளைப் பட்டியலிட்டபோது மெக்டவல் அதில் இருந்தது. சாலை போட, பள்ளி நடத்த, குழாய் மாற்ற உள்ளாட்சிக்கு இருக்கும் முதல் ஆதாரம் சொத்து வரி. பெரும் சொத்துக்காரர் மிகக் குறைவாகக் கட்டினால், கம்பெனி நூறாண்டுக்கு முன் புதைத்த தண்ணீர்க் குழாய்தான் இன்றும் தண்ணீர்க் குழாய். அது வெடிக்கும். காய்ச்சிக் குடியுங்கள் என்ற அறிவிப்பு ஆண்டுக்கணக்கில் நீடித்த ஊர்கள் இங்கே உண்டு. சாலையோரப் பாறையில் வடியும் ஊற்றுக்கு நெகிழிக் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள்.

இதற்கு ஒரு மறுப்பு வரும், அதைச் சந்திக்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது. வரி போட்டிருந்தால் கம்பெனிகள் கென்டக்கிக்கும் வர்ஜீனியாவுக்கும் போயிருக்கும் என்பதுதான் அன்றும் இன்றும் சொல்லப்படும் பதில். மொன்டானா மாநிலம் 1975இல் தன் கரிக்கு 30 விழுக்காடு வரை வரி விதித்து, அதில் ஒரு பகுதியை நிரந்தர நிதியமாக்கியது. மின் கம்பெனிகள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1981இல் மாநிலத்தின் பக்கம் நின்றது. ஆனால் மொன்டானாவின் கரி தரைக்கு அருகில், அள்ளினால் வரக்கூடியது. செலவு குறைவு என்பதால் அதிக வரியைத் தாங்கும். மேற்கு வர்ஜீனியாவின் சாதாரணக் கரிக்கு அந்த வசதி இல்லை. இவ்வளவு தூரம் மறுப்பு சரி. ஆனால் போகஹான்டஸ் 3 சாதாரணக் கரி அல்லவே. அதை வேண்டியவர்கள் அதற்காகவே மலையைக் குடைந்து வந்தவர்கள். அதே படுகை தெற்கே வர்ஜீனியாவுக்குள்ளும் போகிறது என்பது உண்மைதான். என்றாலும் ரயிலும் கோக் அடுப்புகளும் தோண்டிய சுரங்கங்களும் எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றன. அவற்றைப் பத்து சென்ட்டுக்காகப் பிடுங்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்பதை நான் நம்பவில்லை.

ஒரு ஒப்பீடு போட்டுப் பார்க்கலாம். அதே மாநிலத்தின் வடக்கில் மொனங்காலியா கவுண்டி. அங்கும் கரி, அங்கும் சங்கம், அங்கும் சுரங்கச் சாவுகள். 1950இல் அதன் மக்கள்தொகை சுமார் 61,000. மெக்டவல்லைவிட மிகச் சிறியது. 2020இல் ஒரு லட்சத்து ஐயாயிரத்துக்கு மேல். வேறுபாடு மார்கன்டவுனில் இருக்கிறது: 1867இல் மாநிலம் அங்கே நிறுவிய கல்லூரிதான் இன்றைய மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகமும் அதன் மருத்துவமனைகளும். பிட்ஸ்பர்க் பக்கத்தில் இருப்பதும், மலை சற்றுச் சாதுவாக இருப்பதும் உதவின என்பதை மறுக்கவில்லை. ஆனால் கரி போனாலும் சம்பளம் நிற்காத ஒன்றை மாநிலம் அங்கே வைத்தது. மெக்டவல்லில் அப்படி வைத்தது எது என்று தேடினால், மத்திய அரசின் சிறையும் வெல்ச்சில் இருக்கும் அந்தச் சிறையும்தான் கண்ணில் படுகின்றன.

ஆகவே என் தீர்ப்பு இப்படி. கவுண்டியைக் கீழே தள்ளியது இயந்திரம். அதைத் தடுத்திருக்க முடியாது. எழவிடாமல் செய்ததில் மலைக்குச் சிறு பங்கு, மக்களுக்கு அதைவிடச் சிறு பங்கு, சுற்றுச்சூழல் சட்டங்களுக்கு மிக அற்பப் பங்கு. வெளியூர் உடைமை பெரிய காரணம். ஆனால் கம்பெனி லாபம் தேடியது என்று கம்பெனியைக் குற்றம் சொல்வதில் பொருள் அதிகம் இல்லை. அது அப்படித்தான் செய்யும். வரி விதிக்கும் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்ட ஆளுநரையும் கைவிட்டு, கரி முழுவதும் ரயிலேறும்வரை வேடிக்கை பார்த்தது சார்ல்ஸ்டனில் இருந்த மாநிலச் சட்டமன்றம். முதல் குற்றவாளி அது. வாஷிங்டனைத் திட்டுவது அங்கே எல்லாக் கட்சிக்கும் வசதியாக இருப்பதற்குக் காரணமும் இதுதான் என்று தோன்றுகிறது. 2008இல் ஒபாமாவுக்குப் பெரும்பான்மை தந்த கவுண்டி 2016இல் ஏறக்குறைய முக்கால்வாசி வாக்கை ட்ரம்புக்குப் போட்டதை வைத்து எழுதப்பட்ட எண்ணற்ற கட்டுரைகளில் சார்ல்ஸ்டன் என்ற பெயரே அரிதாகத்தான் வரும்.

இப்போது நடக்கும் மருந்துகளையும் இந்தத் தீர்ப்பின் அளவுகோலால் பார்க்கலாம். பழைய சுரங்கப் பாதைகளில் நான்கு சக்கர மோட்டார் வண்டி ஓட்டும் ஹாட்ஃபீல்ட்-மக்காய் தடங்கள் விடுதிகளுக்கும் சிற்றுண்டிக் கடைகளுக்கும் உயிர் கொடுத்திருக்கின்றன; வெல்ச் தெருவில் சேறு படிந்த அந்த வண்டிகள் ஓடுவது வழக்கமான காட்சி. ஆனால் தடங்களில் பெரும்பகுதி ஓடுவது நிலக் கம்பெனிகளின் இசைவில்தான். அமெரிக்க ஆசிரியர் சம்மேளனம் 2011இல் தொடங்கிய முயற்சி எனக்கு அதைவிட மதிப்புள்ளதாகப் படுகிறது. ஆசிரியர் வேலைக்கு ஆள் வராததற்கு ஒரு காரணம் வாடகைக்கு நல்ல வீடு இல்லாததுதான் என்று கண்டறிந்து, வெல்ச்சில் ஆசிரியர்களுக்கென்று ஒரு குடியிருப்பைக் கட்டினார்கள். கட்டி முடிக்க ஏறக்குறைய பத்தாண்டு ஆயிற்று. சிறிய வேலைதான், ஆனால் மாதச் சம்பளக்காரரை ஊரில் தங்கவைக்கும் வேலை.

மாநிலம் தன் பங்குக்கு 2014இல் எதிர்கால நிதியம் என்ற ஒன்றைச் சட்டமாக்கியது. எடுப்பு வரியில் ஒரு பகுதியைச் சேமித்து வருங்காலத்துக்கு வைப்பதாக ஏற்பாடு. கூடவே, மற்ற நிதி நிபந்தனைகள் நிறைவேறிய ஆண்டில்தான் பணம் போடலாம் என்றும் எழுதிக்கொண்டார்கள். சட்டம் புத்தகத்தில் இருந்தது. நிபந்தனைகள் நிறைவேறாமல் ஆண்டுகள் போயின, நிதியத்தில் பணம் சேரவில்லை.